மூடாத திருகு!

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவிலுக்குப் போகும் சாலையிலே இருக்கிறது பனவடலிசத்திரம். கரிசல் மண், மழையை நம்பிய வெள்ளாமை, சுற்றுவட்டாரத்தில் சுழலும் காற்றாலைகள். ஆலைப் புகைபோக்கிகள் வரிசை கட்டி நிற்கும் ஊரல்ல. "இந்த ஊர்த் தோழர்களுக்கு வாயு சிலிண்டரைப் பற்றி என்ன உபதேசம்?" என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும், பதில் இருக்கிறது.

கலப்பை மரமாக இருந்த காலத்தில் தச்சன் போதும். கொழு மழுங்கினால் கொல்லன் உலை போதும். இன்று உழுவது டிராக்டர். டிரெய்லரின் அச்சு முறிந்தாலும், கதிர் அறுக்கும் இயந்திரத்தின் தகடு கிழிந்தாலும், வீட்டு வாசலுக்கு இரும்புக் கேட் போட வேண்டுமென்றாலும் போகுமிடம் வெல்டிங் பட்டறை. சாலையோர ஊர் எதுவானாலும் அங்கே ஒரு தகரக் கொட்டகை, ஒரு மேஸ்திரி, படிப்பை விட்டு வந்த பையன் ஒருவன், மூலையில் இரண்டு சிலிண்டர்கள் என்று ஒரு பட்டறையைப் பார்க்காமல் இருக்க முடியாது. பட்டறையிலே தொழில் பழகிய பிள்ளைகள் அதோடு நிற்பதுமில்லை. கோவைக்குப் போகிறார்கள், கொச்சிக்குப் போகிறார்கள், கடல் கடந்து வளைகுடாவுக்கும் போகிறார்கள். உலகத்தின் கப்பல்களையும் எண்ணெய்க் குழாய்களையும் ஒட்டவைக்கும் கைகளிலே நம் கரிசல் காட்டுக் கைகளும் உண்டு.

வடக்கே சிவகாசி, சாத்தூர் பக்கம் பட்டாசு வெடித்து உயிர்கள் போனால் நாடு அறிகிறது. மந்திரிகள் வருகிறார்கள், மாலையும் நிவாரணமும் வருகின்றன. மருந்து என்றால் வெடிக்கும் என்று குழந்தைக்கும் தெரியும். ஆனால் பட்டறை மூலையில் நிற்கும் அந்த இரண்டு சிலிண்டர்களைக் கண்டு யார் அஞ்சுகிறார்கள்? அதன்மேல் சட்டையைக் கழற்றிப் போடுகிறோம். சாய்ந்து நின்று தேநீர் குடிக்கிறோம். லாரியிலிருந்து தள்ளி உருட்டுகிறோம். பழகிய பாம்பு கடிக்காது என்று நினைப்பதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

இரண்டு கப்பல்கள், ஒரே பாடம்

2018-ம் ஆண்டு பிப்ரவரி 13. கொச்சிக் கப்பல் கட்டும் தளத்திலே 'சாகர் பூஷண்' என்ற கப்பல் பழுது பார்ப்பதற்காக நின்றுகொண்டிருந்தது. ஓ.என்.ஜி.சி. நிறுவனத்துக்குச் சொந்தமான, கடலுக்கடியில் எண்ணெய்க் கிணறு தோண்டும் கப்பல் அது. காலையில் தொழிலாளர்கள் வேலைக்கு இறங்கிய வேளை, கப்பலுக்குள்ளே வெடித்தது. ஐந்து தொழிலாளர்கள் மாண்டார்கள். பலர் காயமடைந்தார்கள்.

கப்பலில் குண்டு இருந்ததா? இல்லை. சதி நடந்ததா? இல்லை. தொழிற்சாலைகள் துறையினர் நடத்திய ஆய்வு அசெட்டிலின் வாயுக் கசிவைக் காரணமாகக் காட்டியது. இரும்பு வெட்டும் டார்ச்சுக்கு வாயு கொண்டுபோகும் ரப்பர் குழாய் வழியே இரவெல்லாம் வாயு கசிந்து, காற்றோட்டம் இல்லாத அறையிலே தேங்கி நின்றிருக்கிறது. காலையில் ஒரு பொறி போதுமானதாக இருந்தது.

இன்னொரு கப்பலைப் பாருங்கள். 1976-ம் ஆண்டு செப்டம்பர் 23. இங்கிலாந்திலே டைன் நதிக்கரையில் ஸ்வான் ஹன்டர் கம்பெனியின் நெப்டியூன் தளம். 'கிளாஸ்கோ' என்ற போர்க்கப்பல் கட்டப்பட்டு வந்தது. துணை ஒப்பந்தக்காரரின் தொழிலாளி ஒருவர் முந்தைய நாள் வேலை முடிந்து போகும்போது ஆக்சிஜன் குழாயைக் கப்பலின் அடித்தட்டிலேயே விட்டுவிட்டார், திருகு மூடப்படவில்லை. மறுநாள் காலை வெல்டர் ஒருவர் வேலையைத் துவக்கினார். வழக்கமான பொறிதான். வழக்கமில்லாத தீ எழுந்தது. எட்டுப் பேர் மாண்டார்கள்.

இரண்டு கப்பல்களுக்கும் இடையே 41 ஆண்டுகளுக்கு மேல், ஆயிரக்கணக்கான மைல்கள். ஒன்றிலே கசிந்தது எரியும் வாயு. மற்றொன்றிலே கசிந்தது எரியவே எரியாத ஆக்சிஜன். ஆனால் இரண்டிலும் நடந்தது ஒன்றே. இரவிலே சிலிண்டர் பக்கத்துத் திருகு மூடப்படவில்லை. குழாய் வெளியே எடுக்கப்படவில்லை. பதின்மூன்று உயிர்கள்!

சிலிண்டருக்குள் என்ன இருக்கிறது?

லாரி டயரிலே அடைக்கும் காற்று சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 110 பவுண்டு அழுத்தம். அது வெடித்தாலே பக்கத்தில் நின்றவரைத் தூக்கி எறியும் என்று நம் டிரைவர் தோழர்களுக்குத் தெரியும். நிரப்பிய ஆக்சிஜன் சிலிண்டரில் இருப்பதோ 2000 பவுண்டுக்கு மேல்! இருபது லாரி டயரின் அழுத்தம் ஒரு பித்தளை வால்வுக்குப் பின்னால் நிற்கிறது. மூடி போடாத சிலிண்டர் சாய்ந்து விழுந்து அந்த வால்வு முறிந்தால், அரை நூறு கிலோவுக்கு மேற்பட்ட அந்த இரும்பு வாணம் போலப் பாயும். செங்கல் சுவரும் அதற்கு எம்மாத்திரம்?

ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் எரிகிற எதையும் வெறிகொள்ளச் செய்யும். நாம் சுவாசிக்கும் காற்றிலே அது 21 பங்கு. 24 பங்கை நெருங்கினாலே ஆபத்து துவங்கிவிடும். அந்த நிலையைத் தாண்டிப் போகப் போகப் பருத்திச் சட்டையும் தலைமயிரும் கண் இமைக்கும் நேரத்தில் பற்றும். பிறகு அணைப்பது அரிது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள, காற்றோட்டமற்ற ஓர் அறை. அதிலே 7 கன மீட்டர் சிலிண்டரின் ஏழில் ஒரு பங்கு ஆக்சிஜன் கசிந்தால் போதும். 21 என்பது 24-ஐ எட்டப் பார்க்கும். நிறமில்லை, மணமில்லை, மூச்சு விடுபவனுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. வியர்வை ஆற ஆக்சிஜன் குழாயை மார்புக்கு நேரே பிடிப்பதும், சட்டைத் தூசியை அதனால் ஊதுவதும் எத்தனை பட்டறைகளில் நடக்கிறது! அவன் தன் சட்டையை விறகாக்கிக்கொள்கிறான். அவனுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

எண்ணெயும் கிரீஸும் ஆக்சிஜனுக்குப் பகை. வால்வு இறுகிப்போனால் ஒரு சொட்டு எண்ணெய் விடுவது மெக்கானிக்கின் பழக்கம். மற்ற இயந்திரத்துக்கு அது மருந்து. ஆக்சிஜன் வால்வுக்கு அதுவே எமன். அழுத்தத்தில் பாய்ந்து வரும் ஆக்சிஜன் எண்ணெயைத் தொட்டால், நெருப்புக் குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும்.

அசெட்டிலின் சங்கதி வேறு. காற்றிலே நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கலந்தாலே வெடிக்கும் தன்மை வந்துவிடும்; எண்பது பங்கு கலந்தாலும் அந்தத் தன்மை போகாது. அதாவது, கசிந்தால் தப்பிக்க இடுக்கு மிகக் குறைவு. அதே பத்தடி அறைக்குச் சிலிண்டரில் பத்தில் ஒரு பங்கு கசிந்தால் போதும். அது மட்டுமா? அதிக அழுத்தத்தில் அடைத்தால் காற்றின் துணைகூட இல்லாமல் தனக்குத்தானே சிதைந்து வெடிக்கும் வாயு அது. அதனால்தான் சிலிண்டருக்குள்ளே பஞ்சு போன்ற நுண்துளைப் பொருளை நிரப்பி, அசெட்டோன் என்ற திரவத்தை அதில் ஊற வைத்து, அந்தத் திரவத்திலே வாயுவைக் கரைத்து வைக்கிறார்கள். சிலிண்டரைப் படுக்க வைத்து வேலை செய்தால் அந்த அசெட்டோன் வாயுவோடு வெளியேறும், காவல் போய்விடும்.

இந்தக் காவலை உருவாக்கியவர்களில் ஒருவர் சுவீடன் நாட்டுப் பொறியாளர் குஸ்தாவ் தாலேன். கலங்கரை விளக்குகளுக்கு அசெட்டிலினைப் பயன்படுத்தும் கருவிகளைக் கண்டுபிடித்தவர். வாயுவைப் பத்திரமாக அடைத்து வைக்கும் நுண்துளைப் பொருளையும் தந்தவர். 1912-ம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு. அதே 1912-ல்தான் ஒரு பரிசோதனையின்போது அசெட்டிலின் வெடித்து அவருடைய இரு கண்களும் போயின. பரிசு வாங்க அவரால் போக முடியவில்லை. அண்ணன் தம்பி உறவிலிருந்தே ஒருவர் போய் வாங்கி வந்தார். வாயுவை அடக்கக் கற்றுக் கொடுத்த மேதையையே அது விட்டுவைக்கவில்லை என்றால், சாலையோரக் கொட்டகையில் பழகும் பையனை விட்டுவைக்குமா?

இப்போது பல பட்டறைகளில் அசெட்டிலினுக்குப் பதில் சமையல் வாயுவை வைத்து வெட்டுகிறார்கள். விலை குறைவு; கிடைப்பது சுலபம். ஆபத்து மட்டும் குறைவல்ல. அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு தவழ்ந்து, குழியிலும் சாக்கடையிலும் படுத்துக் கிடக்கும். காற்றில் இரண்டு பங்கு சேர்ந்தாலே பற்றத் தயார். பத்தடி அறைக்கு ஒரு கிலோ அளவு கசிவே போதும். வீட்டு அடுப்புக்குத் தரும் சிலிண்டரைப் பட்டறைக்குத் திருப்புவது சட்டப்படி குற்றம்.

பட்டறையிலே செய்ய வேண்டியது

இவ்வளவும் படித்துவிட்டு வெல்டிங் தொழிலையே விட்டுவிட வேண்டும் என்று யாரும் எண்ண வேண்டாம். ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தவனுக்கு அதை அடைக்கும் வழியும் தெரியும். வழிகள் எளியவை. பட்டறைச் சுவரிலே எழுதி ஒட்டலாம்.

சிலிண்டரை நிமிர்த்தி நிறுத்தி, சுவரோடோ தள்ளுவண்டியோடோ சங்கிலி போட்டுக் கட்டுங்கள். இடம் மாற்றும்போது ரெகுலேட்டரைக் கழற்றி, வால்வுக்கு மூடி போடுங்கள். வண்டியில் படுக்க வைத்து வந்த அசெட்டிலின் சிலிண்டரை நிமிர்த்தி, சில மணி நேரம் கழித்தே வேலைக்கு எடுங்கள். ஆக்சிஜனையும் எரிவாயுவையும் ஒரே மூலையில் குவித்து வைக்காதீர்கள். வெயிலும் வெல்டிங் பொறியும் சிலிண்டர்மேல் படக்கூடாது.

நம் நாட்டிலே ஆக்சிஜன் சிலிண்டர் கறுப்பு. அசெட்டிலின் அரக்குச் சிவப்பு. ஆக்சிஜன் குழாய் நீலம். எரிவாயுக் குழாய் சிவப்பு. எரிவாயு இணைப்புகளுக்கு இடமரை வைத்திருப்பதே ஒன்றின் இடத்தில் மற்றொன்றை மாட்டிவிடக்கூடாது என்பதற்காகத்தான். மாட்ட வராததைச் சுத்தியலால் அடித்து மாட்டுவது தொழில் திறமை ஆகாது. அசெட்டிலின் குழாய் அறுந்தால் நடுவிலே செம்புக் குழாய்த் துண்டைச் செருகி ஒட்டுப் போடாதீர்கள். செம்பும் அசெட்டிலினும் சேர்ந்தால், தட்டினாலே வெடிக்கும் பொருள் உண்டாகும்.

வால்வை மெதுவாகத் திறங்கள். ரெகுலேட்டருக்கு நேரே நில்லாமல் ஒதுங்கி நில்லுங்கள். அசெட்டிலின் வால்வுக்கு ஒரு சுற்று, மிஞ்சினால் ஒன்றரைச் சுற்று போதும். சாவி வால்விலேயே இருக்கட்டும். அவசரத்தில் சாவியைத் தேடிக்கொண்டு ஓடுகிறவன் நெருப்போடு பந்தயம் ஓடுகிறான். அசெட்டிலின் அழுத்தத்தை 15 பவுண்டுக்கு மேல் ஏற்றவே ஏற்றாதீர்கள். கசிவைச் சோதிக்கச் சோப்பு நுரை இருக்கிறது; தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது தற்கொலை.

டார்ச்சிலே நெருப்பு பின்வாங்கிக் குழாய்க்குள் ஓடாமல் தடுக்க ஒரு சிறு கருவி உண்டு. 'பிளாஷ்பேக் அரெஸ்டர்' என்று கடையிலே கேட்டால் தருவார்கள். இரண்டு குழாய்களுக்கும் அது வேண்டும். பட்டறையிலே செய்து விற்கும் ஒரு கேட்டின் விலையில் சிறு பங்குதான் அதன் விலை. டார்ச் சீறிக்கொண்டு உள்ளே எரிந்தால் ஆக்சிஜன் திருகை முதலில் மூடுங்கள், அடுத்து எரிவாயு, பிறகு இரண்டு சிலிண்டர் வால்வுகளும். அசெட்டிலின் சிலிண்டரே சூடேறக் கண்டால் அதனோடு மல்லுக்கு நிற்காதீர்கள். ஆட்களை விலக்கிவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். தூரத்தில் மறைவாக நின்று தண்ணீர் பாய்ச்சுவதே அதற்கு வழி.

டீசல் டேங்க், பெயிண்ட் டிரம், தின்னர் டிரம் வெட்டவோ ஒட்டவோ வந்தால், காலிதானே என்று நம்பாதீர்கள். நிறைந்த டிரம்மைவிடக் காலி டிரம் பொல்லாதது. உள்ளே ஆவியும் காற்றும் கலந்து காத்துக்கொண்டிருக்கும். 2023-ம் ஆண்டு டிசம்பர் 27 அன்று சென்னைத் தண்டையார்பேட்டையில் இந்தியன் ஆயில் வளாகத்திலே, எத்தனால் தொட்டியில் பராமரிப்பு வேலை நடந்தபோது வெடித்து ஒரு தொழிலாளி உயிர் போனது. பெரிய கம்பெனி வளாகத்திலேயே இந்தக் கதி என்றால், கேட்பாரற்ற பட்டறையின் கதி என்ன? உள்ளே ஆவியில்லை என்று நிச்சயமாகும்வரை தீயைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

கடைசியாக, முதலாவதாகச் சொல்லியிருக்க வேண்டியது: வேலை முடிந்ததும் டார்ச்சின் திருகை மட்டும் மூடிவிட்டுப் போகாதீர்கள். சிலிண்டர் வால்வை மூடுங்கள். குழாயிலே மிச்சமுள்ள வாயுவைத் திறந்த வெளியில் வெளியேற்றுங்கள். தொட்டி, கிணறு, அறை ஆகியவற்றின் உள்ளே கிடக்கும் குழாயை வெளியே இழுத்துப் போடுங்கள். சாப்பாட்டு நேரமானாலும் சரி, இரவானாலும் சரி. கொச்சியிலும் டைன் நதிக்கரையிலும் அந்தப் பதின்மூன்று பேரைக் காப்பாற்ற இது போதுமானதாக இருந்திருக்கும்.

கவனக்குறைவு யாருடையது?

விபத்து நடந்தவுடன் ஒரு சொல் தயாராக வருகிறது: 'தொழிலாளியின் கவனக்குறைவு'. செத்தவன் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை. ஆகவே அந்தச் சொல் செலவில்லாத சொல்; முதலாளிக்கு மிகவும் பிடித்த சொல்.

ஆனால் நாம் கேட்கிறோம்: குழாய் வெடித்து, கட்டுக்கம்பி சுற்றிய பிறகும் அதை மாற்றாதது யாருடைய கவனக்குறைவு? அரெஸ்டர் வாங்காதது யாருடையது? இரவிலே குழாய்களை ஒருமுறை சுற்றிப் பார்க்க ஆள் வைக்காதது யாருடையது? ஆக்சிஜனுக்கும் காற்றுக்கும் உள்ள வேற்றுமையைச் சொல்லிக் கொடுக்காமலே ஒருவன் கையில் டார்ச்சைக் கொடுத்தது யாருடையது?

இந்தக் கேள்வியை இங்கிலாந்து நீதிமன்றமும் கேட்டது. 'கிளாஸ்கோ' தீயில் திருகை மூடாதவர் ஸ்வான் ஹன்டரின் நேரடித் தொழிலாளி அல்ல. துணை ஒப்பந்தக்காரரின் ஆள். ஆக்சிஜன் தேங்கினால் வரும் ஆபத்தைப் பற்றிக் கம்பெனி ஒரு கையேடு அச்சிட்டிருந்தது. தன் தொழிலாளர்களுக்குக் கொடுத்தது. ஒப்பந்தக்காரரின் தொழிலாளர்களுக்குக் கொடுக்கவில்லை. "அவர்கள் எங்கள் ஆட்கள் அல்லவே!" என்று வாதாடியது. 1974-ம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி மேல்முறையீட்டு நீதிமன்றம் 1981-ல் அந்த வாதத்தைத் தள்ளியது. உன் தொழிலாளியின் உயிர் ஒப்பந்தத் தொழிலாளியின் கையில் இருக்கிறதென்றால், அவனுக்கும் ஆபத்தைச் சொல்லிக் கொடுப்பது உன் கடமை என்பது தீர்ப்பு. இரும்பிலே பொறிக்க வேண்டிய தீர்ப்பு! ஒப்பந்தக்காரன், அவனுக்குக் கீழே துணை ஒப்பந்தக்காரன், அவனுக்குக் கீழே மேஸ்திரி என்று பொறுப்பு படி இறங்கி இறங்கிக் காணாமற்போகும் நம் நாட்டிலே, ஒவ்வொரு தொழிற்சங்கத் தோழரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய தீர்ப்பு.

தொழிலாளிக்குப் பொறுப்பே இல்லை என்று நாம் சொல்லவில்லை. திருகை மூட வேண்டியது அவன் கைதான். கற்றுக் கொடுத்த பிறகும், கருவி கொடுத்த பிறகும் மூடாதவன் தன் பக்கத்தில் நிற்கும் தோழனுக்குத் துரோகம் செய்கிறான். அந்த இரண்டையும் கொடுக்காதவர்கள் அவனைக் குற்றம் சாட்டுவதைத்தான் மறுக்கிறோம்.

சட்டம் எங்கே நிற்கிறது?

சட்டம் இல்லாமலில்லை. 1884-ம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின்கீழ் 2016-ல் வகுத்த வாயு சிலிண்டர் விதிகள் இருக்கின்றன. நிரப்புகிற நிலையத்தையும் சேமிப்புக் கிடங்கையும் அவை கண்காணிக்கின்றன. நாலைந்து சிலிண்டர் வைத்திருக்கும் பட்டறைக்கு உரிமம் தேவையில்லை. அதனால் அங்கே அதிகாரியின் காலடி படுவதுமில்லை. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 37-வது பிரிவு, தீப்பற்றும் பொருள் இருந்த தொட்டியைப் பத்திரப்படுத்தாமல் ஒட்டவோ வெட்டவோ கூடாது என்று தெளிவாகவே சொன்னது. ஆனால் மின்சாரம் உபயோகிக்கும் இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை. 2020-ல் நிறைவேறி 2025 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட புதிய தொகுப்புச் சட்டம் அந்தப் பத்தை இருபதாக உயர்த்திவிட்டது!

மூன்று பேர் வேலை செய்யும் பனவடலிசத்திரத்துப் பட்டறை பத்துக்கும் எட்டாது, இருபதுக்கும் எட்டாது. பத்தொன்பது பேர் இருந்தால் நெருப்பு சுடாதா? அசெட்டிலின் ஆள் கணக்குப் பார்த்தா வெடிக்கிறது? ஆள் எண்ணிக்கையைக் கேட்காமல் ஆபத்தின் அளவைக் கேட்கும் சட்டமே வேண்டும். டார்ச் பிடிக்கும் எவனுக்கும் பயிற்சி, எந்தப் பட்டறைக்கும் அரெஸ்டர், சிலிண்டர் விற்கும் ஏஜென்சியே தமிழிலே எச்சரிக்கைத் தாள் தர வேண்டும் என்ற கட்டாயம்: இந்த மூன்றையும் சர்க்கார் செய்தாக வேண்டும். இவை மலையைப் பெயர்க்கும் காரியங்களல்ல.

நம் கடமை

சர்க்கார் செய்யும்வரை கை கட்டிக் காத்திருப்பதா? கிளைத் தோழர்கள் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கட்டும். அவரவர் ஊரிலுள்ள பட்டறைகளுக்கு நேரே போகட்டும். ஒரு கிண்ணம் சோப்பு நுரை கொண்டுபோனால் போதும்; எத்தனை இணைப்புகளில் கொப்புளம் வருகிறது என்று கண்ணெதிரே காட்டலாம். சங்கிலி இல்லாத சிலிண்டருக்குச் சங்கிலி போடச் சொல்லலாம். ஐ.டி.ஐ.யில் படித்த வெல்டர் தோழரை அழைத்து வந்து பழகும் பையன்களுக்கு அரைமணி நேரம் பாடம் நடத்தச் சொல்லலாம். உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென 1982-ம் ஆண்டுச் சட்டத்தின்படி நம் மாநிலத்தில் நலவாரியங்கள் உண்டு. பதிவு செய்யாதவர்களைப் பதிவு செய்ய வைக்கலாம். பட்டறை முதலாளியும் பல ஊர்களில் நேற்றுவரை தொழிலாளியாக இருந்தவர்தான். அவரிடம் பகை பாராட்டாமல் பேசலாம். அவர் உயிரும் அதே கொட்டகைக்குள்ளேதான் இருக்கிறது.

ஊர்வலமும் பொதுக்கூட்டமும் வேண்டும். அவற்றோடு இதுவும் வேண்டும். உரிமைக்குக் கொடி பிடிக்கிற கை, உயிருக்குக் காவலும் நிற்கட்டும். இன்று மாலை பட்டறையைப் பூட்டுமுன் ஒருமுறை திரும்பிப் போய்ப் பாருங்கள், தோழர்களே: சிலிண்டரின் வால்வு மூடியிருக்கிறதா?